கொடாயின் மயில்பாட்டு: ‘பஞ்சமப் பெயர்ச்சி’ சரிப்படுமா?

> ஹங்கேரிய இசையமைப்பாளர் கொடாயின் ‘மயில்’ மாறுபாடுகளுக்கு (ஒரு நாட்டுப்பாடலை மாற்றி மாற்றி இசைக்கும் ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு) நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிறேன். பாட்டின் முற்பாதி மெட்டே பிற்பாதியில் பஞ்சம தூரம் (ச-விலிருந்து ப வரையுள்ள இடைவெளி) இறங்கி வருவதை ஹங்கேரியர் ‘க்வின்ட்வால்ட்டோ’ என்கிறார்கள். அதைப் ‘பஞ்சமப் பெயர்ச்சி’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

‘பெயர்ச்சி’ வேண்டாம் என்பது என் கட்சி. கிரகபேதத்தைப் பண்ணுப்பெயர்த்தல் என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம். அதில் சுரங்கள் இருந்த இடத்தில் இருக்க, ஆதார ஷட்ஜம் நகரும். இங்கே ஆதாரம் அசையாது, மெட்டுதான் இறங்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் மாணவர்கள் நம்மைத் திட்டுவார்கள்.

பாட்டையே பாருங்கள். ஏழைப் பையன்களின் விடுதலைக்காக மயில் பறந்துபோய் மாவட்ட அலுவலகக் கட்டடத்தின் மேல் உட்காருகிறது. முதலிரண்டு அடி மேலே. பின்னிரண்டு அடி ஏறக்குறைய அதே மெட்டு, பஞ்சம தூரம் கீழே. சுரங்கள் நம் சுத்த தன்யாசியின் ச க ம ப நி (கமகம் என்னும் சுர அசைவைத் தேடாதீர்கள்). இறங்கும்போது மேல் ஷட்ஜம் மத்யமமாகும், பஞ்சமம் ஷட்ஜமாகும், நிஷாதம் காந்தாரமாகும். மேல் காந்தாரத்தில்தான் இடிக்கும்: அதற்குப் பஞ்சம தூரம் கீழே தைவதம், அது இந்த ஐந்தில் கிடையாது. இந்த வகைப் பாட்டில் அப்படி ஓர் இடம் வந்தால், பாடுகிறவர் பக்கத்துச் சுரத்துக்கு ஒதுங்கிக்கொள்வார். ஆகவே அச்சுப் பிசகாத நகல் என்று தொனிக்கும் சொல்லும் ஆகாது.

என் பரிந்துரை ‘இளியிறக்கம்’. இளி நம் பழைய பஞ்சமம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் குரல் (ஷட்ஜம்) மாயவன், இளி பலராமன்.

> இளி என்றால் பல்லிளிப்பதுதானே நினைவுக்கு வரும்? அரங்கில் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும் ஐயா, ஒருமுறைதான். ‘விளரி’, ‘உழை’ போன்ற பழைய சுரப்பெயர்கள் எல்லாம் தேவார வகுப்புகளில் இயல்பாகப் புழங்குகின்றன. குழுவில் இன்னொருவர் சொன்ன ‘அடியிறக்கம்’ கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் எவ்வளவு இறக்கம் என்ற சேதியே அதில் இல்லை. அந்த அளவுதான் இங்கே உயிர். வோல்கா கரை மாரி மக்களிடமும் இதே இறக்கத்தைக் கண்டுதான் கொடாய் இதை ஹங்கேரியப் பாட்டின் மிகப் பழைய அடுக்கு என்றார். அவரும் இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான பார்டோக்கும் 1900களின் தொடக்கத்திலேயே பாட்டுகளைப் பதிய மெழுகு உருளையும் ஃபோனோகிராஃபுமாக ஊர் ஊராகப் போனவர்கள். ஏட்டறிவை மட்டும் வைத்துச் சொன்னதல்ல.

ஓர் அடியின் மெட்டை ஓர் எழுத்தால் குறிக்கும் குறியீட்டில், பஞ்சம தூரம் மேலே வரும் அடிக்கு ஹங்கேரியர் 5 சேர்ப்பார்கள். நாம் அ5 அ5 அ அ என்றே எழுதலாம், புதிதாக எதுவும் வேண்டாம். ‘சிம்பொனி’, ‘ஆர்க்கெஸ்ட்ரா’ இரண்டையும் தொடாதீர்கள், அந்தச் சண்டை இன்னொரு இழையில் ஓடட்டும்.

குறிப்புக்கு இப்படி வைத்துப் பார்க்கிறீர்களா: “ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபவ் ஆர்க்கெஸ்ட்ராவின் ஐம்பதாம் ஆண்டுக்காக எழுதப்பட்டு, 1939இல் மெங்கெல்பெர்க் நடத்த அரங்கேறியது. இளியிறக்கம் கொண்ட ஒரு நாட்டுப்பாடலும் அதன் 16 மாறுபாடுகளும், நிறைவுப் பகுதியும்.”

‘மாறுபாடு’ எனக்கு உவப்பில்லை, கருத்து வேறுபாடு போல ஒலிக்கிறது. ‘வேற்றுரு’ எப்படி?