சென்னை வெயிலில் ஆக்சலோட்டல் வளர்க்கலாமா?

வேளச்சேரி அப்பா:
மகளுக்குப் பத்து வயது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்ததிலிருந்து ஆக்சலோட்டல் (தண்ணீரிலேயே வாழும், பல்லி போன்ற உருவமுள்ள ஒரு சாலமாண்டர்) வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மூன்றடித் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. கடைக்காரர் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

டொராண்டோவாசி:
தாராளமாக வாங்குங்கள். என்னிடம் நான்கு வருடமாக இருக்கிறது. இடுக்கியில் மண்புழுவைக் காட்டினால் போதும், ஒரே உறிஞ்சில் லபக்கென்று உள்ளே போய்விடும். முன்பு இரண்டை ஒன்றாக வைத்திருந்தபோது ஒன்று மற்றதன் பாதத்தைக் கடித்துவிட்டது. சில வாரத்தில் விரல்கள் மொட்டு மாதிரி திரும்ப முளைத்தன. குழந்தைக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

கோவை மீன்காரன்:
அண்ணா, உங்கள் தொட்டி இருப்பது பேஸ்மென்ட்டில்தானே? தண்ணீர் எத்தனை டிகிரி?

டொராண்டோவாசி:
17.

கோவை மீன்காரன்:
அதுதான் விஷயம். அதற்கு 16 முதல் 18 வரைதான் சுகம். 24 தாண்டினால் தீனியை ஒதுக்கும், பூஞ்சை பிடிக்கும். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டும். மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் அதுவும் முழுசாக நடக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம்தான் வழி. கரண்ட் போனால் ராத்திரி முழுக்க ஐஸ் பாட்டிலோடு உட்கார வேண்டியதுதான்.

மழைத்தவளை:
வெப்பத்தை விடுங்கள். அது இயற்கையாக வாழும் மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று எண்ணியது, 2014இல் வெறும் 36. அழியப் போகிற உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வேடிக்கை பார்க்கணுமா?

டொராண்டோவாசி:
அதை அழித்தது தொட்டி வைத்திருக்கிறவர்கள் இல்லை, தங்கச்சி. கெண்டையையும் திலாப்பியாவையும் கொண்டுவந்து விட்டார்கள், சாக்கடையும் கலந்தது. 1864இல் பாரிஸுக்குப் போன 34 உயிர்களிலிருந்தே தொட்டிப் பரம்பரை தொடங்கியது. என்னுடையது பிடித்துவந்தது இல்லை. நாங்கள் வளர்ப்பதால்தான் இனமே மிச்சம் இருக்கிறது.

மழைத்தவளை:
அந்தக் கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பெருகியதைக் கால்வாயில் கொண்டுபோய் விட முடியுமா? நோய்தான் பரவும். உங்கள் கனடாவிலேயே சாலமாண்டர்களைக் கொல்லும் பூஞ்சைக்குப் பயந்து 2017இல் சாலமாண்டர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்களே! ஆசைக்கு வளர்க்கிறேன் என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

டொராண்டோவாசி:
சரி, ஆசைதான்.

கோவை மீன்காரன்:
வேளச்சேரி சார், இன்னொன்று. இது சைட்ஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வைத்திருப்பதைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரரிடம் காகிதம் கேளுங்கள், பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள். அப்படியும் வேண்டும் என்றால் முதலில் சில்லர் வாங்கி, மே மாதம் பூராவும் வெறும் தொட்டியை ஓட்டிப் பாருங்கள். எப்படியும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வளர்ந்து தண்ணீர் பக்குவப்பட நாலைந்து வாரம் ஆகும். பொடிக்கல் போடாதீர்கள், தீனியோடு விழுங்கி அடைத்துக்கொள்ளும்.

வேளச்சேரி அப்பா:
கடைக்காரரைக் கேட்டேன். “காகிதமெல்லாம் எதுக்கு சார்” என்றார். வீட்டுக்கு வந்து தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தோம். ராத்திரி பத்து மணிக்கு மகளே வெப்பமானியை விட்டுப் பார்த்தாள்: 31. நோட்டில் எழுதிவிட்டு, “நாளைக்கும் பார்க்கலாம்ப்பா” என்கிறாள்.