ஒரே வண்டியில் மூன்று ரோட்டார் - கலைச்சொல் உதவி வேண்டும்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரைப் புதுப்பித்து ஓடவைப்பது பற்றிய அமெரிக்கக் கையேடு ஒன்றைப் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிரேக் பற்றிய பகுதியை வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

இந்த வண்டியின் எஞ்சினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. இது வாங்கெல் எஞ்சின். நீள்வட்டத்தை இடுப்பில் லேசாக அமுக்கினாற்போன்ற கூட்டுக்குள், பக்கம் புடைத்த முக்கோணம் ஒன்று சுற்றும். அதன் பெயர் ரோட்டார். 1978-இல் வந்த முதல் தலைமுறை வண்டியின் 12ஏ எஞ்சினில் இரண்டு ரோட்டார்கள், சேர்த்து 1146 சிசி. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கையும் கையேடு ரோட்டார் என்றுதான் சொல்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றித் தீப்பொறியைப் பங்கிடும் விரல்நீளத் துண்டுக்கும் அதே பெயர். "ரோட்டாரைக் கழற்றித் தேய்மானம் பார்க்கவும்" என்று நான் எழுதினால் பையன் எதைக் கழற்றுவான்?

பேடு என்ற உரசி நிறுத்தும் துண்டுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்தும் உறுப்பு காலிபர். அதற்கும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

சுற்றுவதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. சுழல், உருள், திரி, வளை எல்லாம் வேர்கள். "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்" என்ற குறளில் உருள் என்பது சக்கரத்தின் இயக்கம். ஆழி, நேமி, திகிரி மூன்றும் சக்கரத்தின் பெயர்கள். ஆழி கடலுக்கும் மோதிரத்துக்கும் போய்விட்டது. நேமியில் விளிம்பு என்ற பொருளே ஓங்கி நிற்கிறது. திகிரி அப்படியல்ல. குயவர் சக்கரத்துக்கும் அதுதான் பெயர். தட்டையாக, கனமாக, அச்சின்மேல் சுற்றுவது. உங்கள் பிரேக் டிஸ்க் அச்சு அசல் திகிரிதான்.

பழைய வண்டி, உதிரி உறுப்பு என்றதும் புறநானூற்று 102-ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும், வழியில் என்ன ஆகுமோ என்று உமணர் உப்பு வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த சேம அச்சு. 'ஸ்பேர்' என்ற சொல்லுக்குச் சேமம் என்று அப்போதே வைத்திருக்கிறோம். கையேட்டில் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலிபருக்குக் கிட்டி. இரண்டு கோலுக்கு நடுவில் வைத்து நெருக்குவது கிட்டி. அந்தக் காலத் தண்டனைக் கருவி. பல் கிட்டுவதும் அந்த வேர்தான்.

மடல் 3: ஐடிஐ பயிற்றுநர், கோவை

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

எங்கள் பட்டறையில் டிஸ்க், காலிபர், பேடு. வேறு பேச்சே இல்லை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பையன்கூட எஞ்சினோடு குழப்பிக்கொண்டதில்லை. பிரேக் உறுப்புக்கு ரோட்டார் என்பது அமெரிக்கப் பேச்சு. இங்கிலாந்துக்காரர் டிஸ்க் என்றுதான் சொல்வார். ஆக, குழப்பம் புத்தகத்தோடு வந்தது. டிஸ்க் என்று போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திகிரி என்று எழுதினால் அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும், ஐயா. கையில் கிரீஸோடு பையன் அடிக்குறிப்பைத் தேட மாட்டான்.

மடல் 4: யாழ்ப்பாணத்து உறுப்பினர்

வணக்கம். எங்கட ஊரில் வாகனத்துக்கு இருப்பது சில்லு. முன்சில்லு, பின்சில்லு என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழக்கம். தமிழ்நாட்டில் கணினிச் சில்லு என்று எழுதும்போது எனக்கு இப்போதும் ஒருகணம் டயர்தான் தெரியும். அதனால் பிறேக் உறுப்புக்குச் சில்லு என்று யாரும் வைத்துவிடாதீர்கள். முழுச் சக்கரமே அதுதான் எங்களுக்கு.

வட்டு நல்லது. இறுவட்டு என்று இரண்டு கரையிலும் எழுதிவிட்டோம். பிறேக் வட்டு என்றால் இரண்டு பக்கத்துக்கும் விளங்கும்.

மடல் 5: மொழிபெயர்ப்பாளர், மதுரை

நன்றி. வட்டு என்றதும் எனக்கு வட்டுக் கருப்பட்டி ஞாபகம் வந்தது. தட்டை, கனம் இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இங்கே கனம் முக்கியம். எவ்வளவு தேயலாம் என்ற கடைசி அளவை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கடைசல் பிடித்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் பெயர் சரியானாலும் உறுப்பை அடையாளம் காண்பது தனிப் பாடு. ஆரம்ப கால வண்டிகளில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். அமெரிக்காவில் 1981 முதல் ஜிஎஸ்எல் வகைக்குப் பின்னாலும் டிஸ்க். 1984-இல் 13பி எஞ்சினோடு வந்த ஜிஎஸ்எல்-எஸ்இ-யில் சக்கர போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டமே வேறு. மற்றவற்றில் 110 மில்லிமீட்டர், இதில் 114.3. முதல் தலைமுறை எல்லாவற்றிலும் ஓட்டை நான்குதான், கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆண்டை மட்டும் சொல்லி டிஸ்க் வரவழைத்தவர்கள் பொருத்தும்போதுதான் தலையில் கைவைத்திருக்கிறார்கள். இரண்டாம் தலைமுறையில் முன் காலிபரே இரண்டு ஜாதி: நான்கு போல்ட் சக்கரத்துக்குப் பேடைத் தள்ளும் பிஸ்டன் ஒன்று, ஐந்து போல்ட் என்றால் அலுமினிய உடம்பில் நான்கு பிஸ்டன். அதனால்தான் சொல்லில் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

மடல் 6: தமிழாசிரியர், கும்பகோணம்

பட்டறையில் இருப்பதெல்லாம் தமிழாகிவிடும் என்றால் நமக்கு இந்தக் குழுவே வேண்டாம். கடையாணி, ஆரக்கால், குடம் என்று மாட்டுவண்டிக்கு ஓர் உறுப்பு விடாமல் பெயர் வைத்தவர்கள் எழுத்தறியாத தச்சர்கள். தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துவிட்டு நொடியில் கையை இழுக்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்த வேலை. அந்தச் சொல் இன்று பேச்சில் தடைக்கே பெயராகிவிட்டது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்தது. அங்கே முட்டுக்கட்டையும் பிரேக்கும் ஒரே தேரில் ஓடுகின்றன. பிரேக் பேடுக்கு முட்டுக்கட்டை என்றால் யாருக்குப் புரியாது?

மடல் 7: பயிற்றுநர், கோவை

ஐயா கோபிக்க வேண்டாம். முட்டுக்கட்டை வெளியிலிருந்து கொடுத்து நிறுத்துவது. பேடு அப்படி இல்லை, காலிபருக்குள்ளேயே உட்கார்ந்து வட்டை இரண்டு பக்கமும் கவ்வும், காலை எடுத்ததும் விட்டுவிடும். அந்த விடுதலுக்கு ஸ்பிரிங்கூடக் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். விட்டதும் தன் நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடும். அவ்வளவுதான் இடைவெளி. கிட்டியில் நெருக்குதல் உண்டு, விடுதல் இல்லை. அதனால் காலிபருக்குப் பொருந்தாது.

ஆனால் ஐயா சொன்ன பல் கிட்டுவது ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் தூசி உறையைப் பிரித்தால் பிஸ்டனைச் சுற்றி வளையமாகத் துரு இருக்கும். பிஸ்டன் முன்னும் வராது, பின்னும் போகாது. 'ஜாம்' என்கிறோம். கையேடு அதற்கு வேறொரு ஆங்கிலச் சொல் வைத்திருக்கும். "பிஸ்டன் கிட்டிப்போச்சு" என்று இன்று காலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையனும் என்ன என்று கேட்கவில்லை.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர், மதுரை

தம்பி, அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம். கையேட்டில் பதினோரு இடத்தில் வருகிறது, "இறுகி நின்றுவிட்டது" என்று இழுத்து இழுத்து எழுதிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

நாளை காலை அனுப்ப வேண்டும். எஞ்சினுக்குள் சுற்றுவது சுழலி. டர்பைனுக்கும் சிலர் சுழலி என்பது தெரியும், பிரேக் பகுதியில் டர்போ பேச்சு வராததால் இப்போதைக்குத் தப்பித்தேன். பிரேக்குக்கு வட்டு. டிஸ்ட்ரிபியூட்டர் துண்டு மட்டும் ரோட்டாராகவே இருக்கட்டும். பெயருக்கு ஒருவர்தான் உரிமைக்காரர் என்றான பின் குழப்பமில்லை. காலிபர், பேடு அப்படியே. உதிரி உறுப்புப் பட்டியலுக்குத் தலைப்பு "சேம உறுப்புகள்".

மடல் 9: தமிழாசிரியர், கும்பகோணம்

சேமமும் கிட்டியும் ஏறியதில் மகிழ்ச்சி, அம்மா. காலிபரை நான் இன்னும் விடவில்லை. கவ்வி விடுகிற ஒன்றுக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இருக்காது. பட்டறைத் தம்பி அனுமதித்தால் அடுத்த வாரம் கோவைக்கு வந்து, பிரித்துப்போட்ட காலிபர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். படத்தை வைத்துக்கொண்டு பெயர் வைத்தது என் பிழை.