தங்கையின் கனடா படிப்புக் கடன்: சேமநிதியை எடுத்துக் கட்டிவிடலாமா?

சிப்புட் அண்ணன் கேட்டது:

வணக்கம். மலேசியா, பேரா மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கேள்வி என் தங்கைக்காக.

தங்கை திருமணமாகிக் கனடா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. டொரொன்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறாள். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகு ஒரு கல்லூரியில் இரண்டாண்டு தாதியர் டிப்ளோமா படித்தாள். அதற்கு ‘ஓசாப்’ என்று அங்கே சொல்லும் அரசுப் படிப்புக் கடன் வாங்கினாள். இன்றைக்கு நிலுவை 27,400 டாலர். டாலருக்கு மூன்று வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் எண்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வருகிறது. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கியது, மாதம் சுமார் 280 டாலர். ஏழு தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள். பிறகு கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

ஐந்து வயதில் ஒரு மகள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் முதியோர் இல்லத்தில் அரை நேர வேலைதான். ஆண்டுக்கு 31,000 டாலர் வருகிறது. பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடுகிறது. ஐந்து மாதமாகக் கடனுக்கு ஒன்றும் கட்டவில்லை.

இது எனக்குத் தெரிந்ததே போன வாரம்தான். எங்களுக்குக் காலை ஆறு மணி என்றால் அவளுக்கு முந்தைய நாள் மாலை ஆறு. நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் முகம் பார்த்துப் பேசுவோம். அன்றைக்கு மருமகள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய உறைக் கட்டு ஒன்று தெரிந்தது. ஓர் உறையும் பிரிக்கப்படவில்லை. அது என்னம்மா என்று கேட்டேன். “அம்மா அழுகிற கடிதம், மாமா” என்றாள். அதன் பிறகுதான் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது, மாப்பிள்ளை போய்விட்டதுகூட. இருபத்தெட்டு ஆண்டுகள் விடியுமுன்னே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் மரம் சீவிய கை அது. மகள் பட்டமளிப்பு அங்கி போட்ட படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் “கனடாவில் மிஸி” (தாதி) என்று காட்டுவார். எங்கள் வீடு கடனுக்குப் பயந்த வீடு. மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர் அப்பா. வீட்டில் அரிசி குறைந்த மாதத்திலும் அந்தப் பத்து வெள்ளி குறைந்ததில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் எனக்கு 11,600 வெள்ளி இருக்கிறது. மீதிக்கு இந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தங்கையோ எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளையோடு இரண்டு ஆண்டு இங்கே வந்து இருந்துவிடுகிறேன், அதற்குள் கடன்காரர்கள் மறந்துவிடுவார்கள் என்கிறாள். எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சேமநிதி அலுவலகம் போவதாக இருக்கிறேன்.


ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

தம்பி, வெள்ளிக்கிழமை எங்கும் போகாதீர்கள். முதலில் இதை வாசியுங்கள்.

என் இரண்டு பிள்ளைகளும் ஓசாப்பில்தான் படித்தார்கள். மூத்தவளுக்கு இரண்டு வருடம் சரியான வேலை கிடைக்காதபோது இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டியவள் நான்.

உங்கள் தங்கைக்கு வேண்டியது ‘ராப்’ எனப்படும் திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டம். 2022 நவம்பரில் அதன் விதிகளை நன்றாகத் தளர்த்தினார்கள். அப்போது வைத்த வரம்புப்படி, தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் 40,000 டாலரை எட்டும் வரை மாதத் தவணை பூச்சியம். குடும்பத்தில் ஆள் கூடினால் அந்த வரம்பும் கூடும். அதற்கு மேல் உழைத்தாலும் குடும்ப வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்க முடியாது, முன்பு அது 20 ஆக இருந்தது. உங்கள் தங்கை வீட்டில் இரண்டு பேர், வருமானம் 31,000. இந்தக் கணக்கில் அவள் வரம்புக்கு நன்றாகக் கீழே நிற்கிறாள்.

தேசிய மாணவர் கடன் சேவை மையத்தின் இணையக் கணக்குக்குள் போய் விண்ணப்பிக்க வேண்டும். டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மத்திய அரசின் பங்கும் மாகாணத்தின் பங்கும் ஒரே கடனாகச் சேர்ந்திருப்பதால் விண்ணப்பமும் ஒன்றுதான். ஆனால் கிடைத்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். என் மகள் ஒரு முறை மறந்துவிட்டாள், அடுத்த மாதமே வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தவணையை எடுத்துவிட்டார்கள்.

நாட்கணக்கையும் பாருங்கள். 270 நாள் கட்டாமல் விட்டால் மத்திய அரசின் பங்கு கனடா வருமான வரித்துறையின் வசூல் பிரிவுக்குப் போய்விடும். வரி மீளளிப்பில் பிடித்துக்கொள்வார்கள், ராப் கதவும் மூடிவிடும். ஐந்து மாதம் என்றால் சுமார் 150 நாள். நேரம் இருக்கிறது, ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டும். நிலுவையில் நிற்கும் ஐந்து தவணையை என்ன செய்வது என்று சேவை மையத்தைத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு வந்து இருக்கிறேன் என்கிறாளே, அதைத்தான் செய்யக்கூடாது. ராப் பெறுவதற்குக் கனடாவில் வசிக்க வேண்டும். மலேசியாவுக்கு வந்துவிட்டால் பூச்சியமாக வேண்டிய தவணை திரும்ப 280 ஆகிவிடும்.

வங்கிக் கடன் ஏதாவது தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். வங்கியில் வாங்கிய படிப்புக் கடனை ராப் தொடாது.


ஈப்போ கணக்கர் எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு, எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கனடாவில் 2023 ஏப்ரல் 1 முதல் படிப்புக் கடனின் மத்திய அரசுப் பங்குக்கு வட்டியே கிடையாது, நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். ஒன்டாரியோவின் பங்குக்கு மட்டும் வட்டி ஓடுகிறது. நம் ஊழியர் சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. பெரும்பகுதிக்கு வட்டியே இல்லாத கடனை அடைக்க, ஆறு விழுக்காடு ஈட்டும் பணத்தை ஏன் எடுக்க வேண்டும்? வீட்டை அடமானம் வைத்தால் இன்னும் மோசம், நீங்கள் வட்டி கட்டி வட்டியில்லாக் கடனை அடைப்பீர்கள். அம்மா இருக்கும் வீட்டின் மேல் கை வைக்காதீர்கள்.


கோலக்கிள்ளான் வாசகர் எழுதியது:

திவால் என்று அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்துவிடாதா? என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கடன் அட்டையிலிருந்து தப்பித்தார்.


ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

கடன் அட்டைக்குச் சரி. படிப்புக் கடனுக்கு அப்படி இல்லை. மாணவராக இருப்பதை விட்டு ஏழு வருடம் ஆகும் முன் திவாலானால் அந்தக் கடன் அப்படியே நிற்கும். ஐந்து வருடத்துக்குப் பிறகு கடுங்கஷ்டம் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். இந்தப் பிள்ளை படித்து முடித்து ஒன்றரை வருடம்தான். பெயர் கெடும், கடன் போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாதியருக்கென்று தனிச் சலுகை உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள கிராமப்புறங்களிலும் தொலைதூர ஊர்களிலும் ஆண்டுக்கு 400 மணி நேரமாவது வேலை செய்தால், ஐந்து ஆண்டுகளில் 30,000 டாலர் வரை மத்திய அரசுக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஸ்கார்பரோவில் இருந்தால் அது கிடைக்காது. சின்னப் பிள்ளையோடு தெரியாத ஊருக்குப் போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு யோசிக்கலாம்.


சிப்புட் அண்ணன் எழுதியது:

அக்கா, கணக்கர் ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து தங்கையிடம் பேசினேன். படிவத்தில் ஓரிடம் வந்ததும் நின்றுவிட்டாள். திருமண நிலை என்ற கேள்வி. திருமணமானவள் என்று போட்டால் கணவரின் வருமானமும் சேர்ந்துவிடும், உதவி கிடைக்காது. பிரிந்து வாழ்கிறேன் என்று போட அவளுக்குக் கை வரவில்லை. “அண்ணா, அதை எழுதிவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்” என்கிறாள். கனடா அரசாங்கத்துக்கும் எங்கள் தாமானுக்கும் என்ன தொடர்பு! ஆனால் அவள் மனத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீதிமன்றக் கடிதம் எதுவும் இன்னும் அவளிடம் இல்லை. அது இல்லாமல் அப்படி எழுதலாமா?


ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

உறவு முறிந்து 90 நாள் தொடர்ந்து தனித்தனியாக வாழ்ந்தாலே வரித்துறைக்கு அவர்கள் பிரிந்தவர்கள்தான். நீதிமன்றத் தாள் தேவையில்லை. இதை வரித்துறைக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தால் பிள்ளைக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகையும் அவளுடைய வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும், தொகை கூடுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. வெட்கத்துக்காக அந்தப் பிள்ளை தன் மகளுக்குச் சேர வேண்டிய பணத்தையும் விட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பி, என் தொடர்பு விவரத்தைத் தனி மடலில் அனுப்புகிறேன். சனிக்கிழமை நான் அவள் வீட்டுக்கே போய் உட்காருகிறேன்.


ஓய்வுபெற்ற ஆசிரியை, பீடோர் எழுதியது:

தம்பி, நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். உங்கள் அம்மா வயதுப் பெண்கள் லயத்து வீடுகளில் பார்க்காததா? புருஷன் போன பிறகு தனியாக மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் எங்கள் வரிசையிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் இழிவாகப் பார்த்ததில்லை, காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். உங்கள் அம்மாவும் அப்படிக் கை கொடுத்தவராகவே இருந்திருப்பார். மற்றவர் வாயால் கேள்விப்படும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.


சிப்புட் அண்ணன் எழுதியது:

சொல்லிவிட்டேன், டீச்சர். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு. அம்மா வெகு நேரம் பேசவில்லை. எழுந்து போய் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்து, “வேலைக்குப் போகும்போது பிள்ளை யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். இரவு தங்கையிடம் அவரே பேசினார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஸ்கார்பரோ அக்கா சனிக்கிழமை சொன்னபடி போயிருக்கிறார். ஒன்பது உறைகளையும் பிரித்துப் பார்த்தார்களாம். ஐந்து ஒரே எச்சரிக்கைக் கடிதம். மூன்று பழைய கணக்கு விவரம். ஒன்று வங்கியிலிருந்து, அவள் என்னிடம் சொல்லாத 4,600 டாலர் கடன், அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா கேட்டது சரியாகப் போயிற்று. என் மூன்றாவது கணக்குப் பணம் அதற்குத்தான். மீதியை அவள் மாதம் கொஞ்சமாகக் கட்டிவிடுவாள். ராப் விண்ணப்பமும் அன்றே போய்விட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடத்தில் மருமகள் தானே 2 என்று எழுத வேண்டும் என்று அடம்பிடித்தாளாம்.

அடுத்த ஆறு மாதத் தேதியை எங்கள் சமையலறையில் தொங்கும், குதிரைப் பந்தய நாள்கள் குறித்த குதிரை நாட்காட்டியில் எழுதச் சொன்னார் அம்மா. அந்த மாதம் இந்த ஆண்டு நாட்காட்டியில் இல்லை. தேதியை ஒரு தாளில் எழுதிப் பின் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.