'தில்லானா மோகனாம்பாள்' சுவரொட்டி: 1968இன் அச்சா, மறுவெளியீட்டு அச்சா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பழைய திரைப்படப் பொருள்களை விற்கும் ஒருவரிடம் 'தில்லானா மோகனாம்பாள்' சுவரொட்டி ஒன்றைப் பார்த்தேன். 1968 ஜூலையில் படம் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது அச்சிடப்பட்டது என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். விலையையும் அதற்கேற்பவே கேட்கிறார். 30க்கு 40 அங்குலத் தாள், மடித்து வைத்திருந்த தடங்களோடு விளிம்புகள் பழுத்துப் போயிருக்கின்றன. தலைப்பில் வரும் இரண்டு 'னா'க்களும், இன்று நாம் எழுதுவதைப் போலத் தனிக் கால் இல்லாமல், எழுத்தோடு ஒட்டிச் சுழித்த பழைய வடிவில் உள்ளன. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் என்பதால் இதுவே போதுமான சான்று என்பது விற்பவரின் வாதம்.

சிவாஜி படங்கள் ஊர் ஊராகத் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டவை என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. முதல் வெளியீட்டுச் சுவரொட்டியையும் பிற்கால அச்சையும் எவற்றைக் கொண்டு பிரித்தறிவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழந்தாள்

நண்பரே, அவசரப்படாமல் கேட்டது நல்லதாயிற்று. முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிற்காலத்துக்கே உரிய அடையாளம் ஒன்றே ஒன்று தாளில் இருந்தாலும் அது முதல் வெளியீட்டுச் சுவரொட்டி அல்ல என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் பழங்கால அடையாளங்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை மட்டும் வைத்து அது முதல் வெளியீடுதான் என்று சொல்லிவிட முடியாது. மறுவெளியீட்டின்போது விநியோகஸ்தர்கள் புதிதாக ஓவியம் வரையச் சொல்வதைவிட, கையில் இருக்கும் பழைய வடிவமைப்பையே மறுபடியும் அச்சுக்குக் கொடுப்பதுதான் எளிது என்பதே இதற்குக் காரணம்.

எழுத்து வடிவமும் இப்படித்தான். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். பெரியார் 1935 முதலே தம் இதழில் அந்த வடிவங்களைக் கையாண்டார் என்றாலும் சினிமா விளம்பரங்களில் அவை பரவியது அரசாணைக்குப் பிறகுதான். எனவே 'எங்க வீட்டுப் பிள்ளை', 'திருவிளையாடல்' போன்ற 1965ஆம் ஆண்டுப் படங்களின் சுவரொட்டியில் இன்றைய 'ளை' இருந்தால் அது பிற்கால அச்சு என்று பெரும்பாலும் நம்பலாம். உங்கள் தாளில் இருப்பதோ பழைய 'னா'. தலைப்பெழுத்து என்பது படத்தின் முத்திரை. 1985இல் மறுபடி அச்சிட்டாலும் அதை யாரும் திருத்தி எழுதப் போவதில்லை. ஆகவே விற்பவர் காட்டும் சான்று இரு பக்கமும் பேசக்கூடியது. தலைப்பை விட்டுவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் உள்ள வரிகளைப் பாருங்கள். மறுவெளியீட்டுக்காகப் புதிதாகக் கோத்தவை அவைதான்.

தமிழ்ச் சுவரொட்டிகளுக்கென்றே அமைந்த இன்னொரு நல்ல அளவுகோல் நடிகர்களின் பட்டங்கள். சிவாஜி கணேசனுக்குப் பத்மஸ்ரீ 1966இல் வந்தது, பத்மபூஷண் 1984இல், பிரெஞ்சு அரசின் செவாலியே விருது 1995இல். 'திருவிளையாடல்' சுவரொட்டியில் 'பத்மஸ்ரீ' என்றிருந்தால் அது முதல் வெளியீடாக இருக்க வழியில்லை. 'தில்லானா'வில் அதே சொல் இருப்பது இயல்பு. எம்.ஜி.ஆர். படங்களில் 'புரட்சி நடிகர்' என்பது பழையது. 'புரட்சித் தலைவர்' என்று போட்டிருந்தால் அவர் 1972இல் தனிக்கட்சி கண்ட பிறகு அச்சானது. விருதுகளும் அப்படியே. 'தில்லானா' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அந்த விருதைப் பறைசாற்றும் சுவரொட்டி முதல் நாள் சுவரில் ஒட்டப்பட்டிருக்க முடியாது.

தொழில்நுட்பச் சொற்களையும் கவனியுங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய தமிழ்ப் படம் ஒன்றின் சுவரொட்டியில் 'சினிமாஸ்கோப்' என்று கண்டால், 1964இன் 'கர்ணன்' 2012இல் வந்ததைப் போல, புதுப்பித்து வெளியிட்டபோது அச்சிட்டது என்று பொருள். 'புத்தம் புதிய காப்பி' என்ற வரி இருந்தால் அது மறுவெளியீடுதான் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. விற்பவர்கள் சிலர் அந்த வரியிருக்கும் பட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிடுவதும் உண்டு என்பதால், நீள அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

பதில்: மைக்கூடு

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தாளையும் மையையும் பற்றிச் சில சொற்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு முகத்தின் நிழல் விழும் பகுதியை, கன்னத்தையோ கழுத்தையோ, பாருங்கள். ஓவியர் கையால் வண்ணம் பிரித்து வரைந்து, லித்தோ என்ற பழைய அச்சு முறையில் ஓட்டிய தாள் என்றால், சொரசொரப்பான பரப்பில் கிரேயான் தேய்த்ததைப் போல ஒழுங்கற்ற புள்ளிகளும் கோடுகளும் தெரியும். படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் நான்கு வண்ண ஆஃப்செட் என்றால் புள்ளிகள் வரிசை பிசகாமல் சிறு சிறு வட்டங்களாகக் கூடி நிற்கும். ஆஃப்செட்டை மட்டும் வைத்துத் தாளை ஒதுக்கிவிட வேண்டாம். அந்தக் காலத்திலும் அது இருந்தது. ஆனால் எழுத்தின் ஓரங்கள்கூடக் கூர்மையின்றித் தூவியதைப் போலக் கலைந்து தெரிந்தால், அது கணினியிலிருந்து எடுத்த இன்க்ஜெட் நகல். அதற்கு மறுவெளியீடு என்ற பெயர்கூடப் பொருந்தாது.

அடுத்தது மடிப்பு. உண்மையாக மடித்துக் கிடந்த தாளில் மடிப்பின் முகட்டில் மை உதிர்ந்து வெள்ளை இழை தெரியும், விரலால் தடவினால் மேடு தட்டுப்படும், தாளைத் திருப்பினால் பின்புறத்திலும் அதே இடத்தில் தடம் இருக்கும். பழைய தாளை ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் மடிப்பும் படமாகவே அச்சாகியிருக்கும்; கண்ணுக்குக் கோடு தெரியும், விரலுக்கு வழவழப்புதான்.

பழுப்பு நிறத்தைப் பொறுத்தவரை, மலிவான சுவரொட்டித் தாள் காற்றும் வெளிச்சமும் படும் விளிம்பிலும் வெளி மடிப்பிலும் முதலில் பழுக்கும். உள்மடிப்பு வெளிறியே இருக்கும். தேநீரில் நனைத்துப் பழையதாக்கிய தாளிலோ உள்ளும் புறமும் ஒரே நிறம் ஏறி, ஈரம் தேங்கிய இடத்தில் மட்டும் கருத்த கரை நிற்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1968இல் ஓட்டிய தாளையும் 1974இல் ஓட்டிய தாளையும் இந்தச் சோதனைகளால் பிரிக்க இயலாது. அதற்குப் பழந்தாள் ஐயா சொன்னபடி எழுத்தைத்தான் நாட வேண்டும்.

காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. இன்று மறுபடியும் சென்று பொறுமையாகப் பார்த்தேன். மடிப்பு உண்மையானது, மை உதிர்ந்திருக்கிறது, பின்புறமும் தடம் உள்ளது. உள்மடிப்புகள் வெளிறியே இருக்கின்றன. சிவாஜியின் பெயருக்கு முன் 'பத்மஸ்ரீ' என்று மட்டும் உள்ளது. விருது பற்றிய வரி இல்லை, எதுவும் வெட்டப்பட்டதாகவும் தெரியவில்லை. அடியில் அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் முகவரி ஆங்கிலத்தில் இருக்கிறது: 'மெட்ராஸ்' என்றும், அதையடுத்து 600 எனத் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும். இதிலிருந்து ஏதேனும் தெரிகிறதா?

பதில்: பழந்தாள்

தெரிகிறது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். அதற்கு முன் 'மெட்ராஸ்-17' என்பது போல வட்ட எண் மட்டும்தான் எழுதுவார்கள். எனவே உங்கள் தாள் 1968இல் அச்சாகவில்லை. ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்றிருப்பதால், நகரின் பெயர் 1996இல் ஆங்கிலத்திலும் சென்னை என மாறுவதற்கு முந்தையது என்று கொள்ளலாம். (தமிழில் 'சென்னை' என்றிருந்தால் அதைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, தமிழில் எப்போதுமே அப்படித்தான் எழுதினோம்.) 'பத்மபூஷண்' இல்லாததால் 1984க்கும் முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய வடிவமைப்பை அப்படியே எடுத்திருக்கக்கூடும் என்பதால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பதில்: கொட்டகைக்காரர் மகன்

அமெரிக்கச் சுவரொட்டி சேகரிப்பவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. அங்கே 1940 முதல் 1980கள் வரை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் பெரும்பாலான சுவரொட்டிகளின் அடி விளிம்பில் ஆண்டையும் வரிசை எண்ணையும் அச்சிட்டு அனுப்பியது. மறுவெளியீடு என்றால் முன்னால் 'ஆர்' என்ற எழுத்தும் சேரும். நமக்கு அப்படி ஒரு பொது எண் வாய்க்கவில்லை. அதனால் அச்சக வரியும் விநியோகஸ்தர் பெயரும்தான் நம் சாட்சிகள். அடியில் திரையரங்கப் பெயர் இருந்தால் அதையும் விடாதீர்கள்: சென்னை தேவி வளாகம் திறந்தது 1970இல் என்பதால், 1968ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்தப் பெயர் இருந்தாலே விடை கிடைத்துவிடும்.

இயன்றால், படம் வெளியான ஜூலை 27, 1968ஐ ஒட்டிய நாளிதழ்களை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். முதல் வெளியீட்டு விளம்பரத்தில் உள்ள விநியோகஸ்தர் பெயர் உங்கள் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால், இது யாருடைய மறுவெளியீடு என்பதும் துலங்கக்கூடும்.

வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் ஊரில் மறுவெளியீட்டுச் சுவரொட்டிகளையும் யாரும் பாதுகாத்து வைக்கவில்லை, பசை தடவிச் சுவரில் ஒட்டியவையெல்லாம் மழையோடு போயின. ஒட்டப்படாமல் தப்பிய தாள் என்றால் அது எந்த வெளியீட்டுக்கு உரியதாயினும் காப்பாற்ற வேண்டியதே. அஞ்சல் எண்ணை விற்பவரிடம் காட்டி, மறுவெளியீட்டுத் தாளுக்குரிய விலையைப் பேசுங்கள். அவர் இணங்கினால் வாங்கிவிடுங்கள், செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.