வீட்டுச் சுவரில் பாபூக்: ரியூனியனில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேன்-ஆந்த்ரேயிலிருந்து:

காரைக்கால், புதுச்சேரிப் பக்கமிருந்து யார் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்தாலும், வந்த கொஞ்ச நாளில் ஒரு ராத்திரி வீட்டில் அலறல் கேட்கும். போய்ப் பார்த்தால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி. இங்கே எல்லாரும் பாபூக் என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

எங்களுடையது கரும்புக் கொல்லையை ஒட்டிய பழைய தகரக் கூரை வீடு. இருட்டிய பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போனால் அடுப்புக்கு மேலே சுவரில் நிற்கும். உடம்பு இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். காலை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர். பயமுறுத்துவது அந்தக் கால்கள்தான். உடம்பு தட்டையாக இருப்பதால் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பகல் முழுக்க ஒளிந்துகொள்ளும். வலை பின்னாது, பாய்ந்து பிடித்துத்தான் சாப்பிடும். அதனால் மூலையில் ஒட்டடை சேர்கிறது என்று இதன்மேல் பழி போடாதீர்கள், அது வேறு சின்னச் சிலந்திகளின் வேலை.

அது கரப்பான் பிடிப்பதை நின்று பார்த்திருக்கிறேன். ரொம்ப நேரம் அசையவே இல்லை. எண்ணெய்ச் சட்டிக்குக் கீழிருந்து கரப்பான் வெளியே வந்தது. பாய்ந்தது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, பார்த்தால் கரப்பான் அதன் வாயில் இருக்கிறது. காலையில் தரையில் இரண்டு இறக்கையும் சில கால்களும்தான் மிச்சம். பெருக்கித் தள்ளினால் முடிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மல்பார் கிராமூன், அதாவது தமிழ் வம்சாவளிப் பெரியவர், இருக்கிறார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். தமிழ் அவருக்கு மாரியம்மன் பாட்டில் மட்டும்தான் வரும், மற்றதெல்லாம் இந்தத் தீவு மொழியான கிரியோல். பாபூக்கை அடிக்கக் கூடாது, அது கான்க்ரெலா, அதாவது கரப்பான், தின்கிறது என்பது அவர் வீட்டுச் சட்டம். பேரப் பிள்ளைகள்கூடத் துடைப்பத்தைத் தூக்குவதில்லை. கரப்பான் மருந்து வாசனையே இல்லாத சமையலறை அவருடையது. என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்க்கிறேன்.

ஊரில் நம் வீட்டுக் குளியலறை ஓட்டுக்குக் கீழே வெள்ளை முட்டைப் பையைச் சுமந்துகொண்டு திரியுமே, அதே இனம்தான் இது. ஆசியாவின் வெப்பப் பகுதிதான் அதன் பூர்வீகம் என்று கருதுகிறார்கள். சரக்குக் கப்பலில் வாழைத்தாரோடு ஏறி வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. லின்னேயஸ் 1767லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்.

சேன்-தெனி, அடுக்குமாடி வீடு:

அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எனக்கு அதைப் பார்த்தால் கைகால் நடுங்கும், பேச்சு வராது. பயப்படுகிறவர்களும் இங்கே வாழத்தானே வேண்டும். அவர்களுக்காக நான் செய்வதைச் சொல்கிறேன். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடிக்கலாம் என்பார்கள். டம்ளர் பத்தாது, கால் நசுங்கும். கீரை கழுவுகிற பெரிய பிளாஸ்டிக் கிண்ணம் எடுங்கள், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. மெதுவாகச் சுவரில் கவிழ்த்து, பழைய காலண்டர் அட்டையை அடியில் நுழைத்து, அப்படியே கொண்டுபோய்ச் செடிப் பக்கம் விட்டுவிடலாம். துடைப்பத்தால் தட்டினால் கண்ட திசையில் ஓடும், சில நேரம் நம் பக்கமே வரும். அது நம்மைத் துரத்துவதில்லை, இருட்டான இடத்தைத் தேடுகிறது. இது புரிந்த பிறகு என் பயம் பாதியாகிவிட்டது.

மறக்க முடியாதது காரில் நடந்தது. மாமரத்தடியில் நிறுத்தியிருந்த கார். லெ போர் போகிற வழியில், கடலுக்கு மேல் புதிதாகக் கட்டிய பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வெயில் மறைப்பை இறக்கினேன். மடியில் விழுந்தது. ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், "கத்தாதே, அசையாதே, அது ஒன்றும் செய்யாது" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். லா பொசெசியோன் வந்ததும் ஓரம் கட்டி, கதவைத் திறந்து, பாய் விரிப்பை உதறி அதை வெளியே அனுப்பினார். ஓட்டுகிறவர் பதறினால் அதுதான் உயிருக்கு ஆபத்து. மரத்தடியில் கார் நிறுத்துகிறவர்கள் கிளம்பும் முன் வெயில் மறைப்பை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

சலாசி:

புயல் நாட்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2024 ஜனவரி 15, பெலால் புயல். ஊதா எச்சரிக்கை அறிவித்து, மீட்புப் படையினரே வெளியே வராத நேரம். கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, கரன்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். கூரைத் தகரத்துக்கு அடியில் தண்ணீர் இறங்க இறங்க, அங்கே குடியிருந்த பாபூக் எல்லாம் உள்சுவருக்கு வந்துவிட்டன. டார்ச் அடித்த பக்கமெல்லாம் கண்கள் மினுங்கின. என் மகள் அழுதாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அதுவும் மழைக்கு ஒதுங்க வந்திருக்கு, விடும்மா" என்றார். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுக்கூடத்தில் போட்டு, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினோம். காற்று அடங்கிக் கதவு திறந்ததும் பெரும்பாலானவை தாமாகவே போய்விட்டன.

அந்த நேரத்தில் எங்களுக்கு உண்மையான தொல்லை கொடுத்தது சான்பியே, அதாவது பெரிய பூரான். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்த மைத்துனரைக் கடித்து, விடியும்வரை வலியில் துடித்தார். இந்தத் தீவில் வீட்டுக்குள் எதற்காவது பயப்பட வேண்டும் என்றால் அதற்குத்தான் பயப்பட வேண்டும். மழைக்காலத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், ஷூவை உதறாமல் போடாதீர்கள்.

சேன்-பியேர்:

எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் கொப்புளம் வரும் என்று என் மாமியார் உறுதியாக நம்புகிறவர். அவருக்கே இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தபோது பாபூக்கைத்தான் திட்டினார், மஞ்சள் அரைத்துப் பூசினார். டாக்டர் பார்த்த உடனே அக்கி என்றார். சின்னம்மை வந்து போன பிறகு அந்தக் கிருமி நரம்பில் பல வருடம் சும்மா கிடந்து, வயதான காலத்தில் கிளம்புவதுதான் அக்கி. அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. உடம்பில் ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால் சிலந்தியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

சேன்-லூயி:

தோட்டத்தில் இருக்கும் பிப் என்கிற சிலந்தியைப் பற்றியும் சொல்லலாமா? சிவப்புக் காலோடு, மின்கம்பிகளுக்கு நடுவில் பொன்னிற நூலில் பெரிய வலை கட்டும். அது தன் வலையை விட்டு வீட்டுக்குள் வராது, பார்க்கவும் அழகு.

எனக்கு ஒரு கேள்வி அக்கா. எங்கள் துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு பாபூக், வயிற்றுக்கு அடியில் வட்டமான வெள்ளைப் பையோடு இருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீடு. என்ன செய்வது?

சேன்-ஆந்த்ரேயிலிருந்து:

தம்பி, அது தாய். பைக்குள் இருநூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். குஞ்சு வெளியே வரும்வரை அதைக் கீழே வைக்காது, சாப்பிடவும் செய்யாது என்றே சொல்லலாம். மற்ற நேரம் நம்மைக் கண்டால் ஓடிவிடும், பை இருக்கும்போது மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். அதனால் கையால் தொடவே கூடாது. குஞ்சுகள் எல்லாம் வீட்டில் தங்கிப் பெருகிவிடாது, சிதறிப் போகும், பல்லிக்கும் இரையாகும். ஆனாலும் குழந்தை இருப்பதால் வெளியே விட்டுவிடுவதுதான் நிம்மதி.

தப்பித்தவறிக் கடித்தால் தேனீ கொட்டிய அளவுக்கு வலியும் வீக்கமும் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறலோ முகத்தில் வீக்கமோ வந்தால் யோசிக்காமல் அவசர மருத்துவ உதவி எண் 15க்குப் போன் செய்யுங்கள். குழந்தைத் துணி வெளியே காய்ந்தால் உதறி மடியுங்கள், தொட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அலமாரிப் பக்கம் மருந்து மட்டும் அடிக்காதீர்கள், குழந்தை அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கும்.

சேன்-தெனித் தங்கை சொன்ன கிண்ணமும் அட்டையும் போதும். அட்டையை நுழைக்கும்போது பை நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை வரவில்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்தப் பக்கம்தான் வருகிறோம், என் பெரியவன் வந்து எடுத்து விடுவான்.