சங்கப் பொறுப்பாளர்களிடம் நேரில் கண்டது: உங்கள் அனுபவங்கள்

பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

மேடையில் மைக் முன்னால் அவர்கள் பேசுவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதை விடுங்கள். உங்களுக்கு ஒரு சிக்கல் வந்து, ஆசிரியர் சங்கத்தின் வட்டார, மாவட்ட, மாநிலப் பொறுப்பாளர் யாரையாவது தேடிப்போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நல்லதும் எழுதலாம், கசப்பும் எழுதலாம். ஆட்கள் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம். பெயர் வந்தால் பேச்சு உடனே "எங்கள் சங்கம், உங்கள் சங்கம்" என்று திரும்பிவிடும்.

நானே தொடங்குகிறேன். பத்தாண்டுப் பணி முடிந்ததும் தேர்வுநிலை என்கிற ஊதிய உயர்வு வர வேண்டும். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள், அதைக் கேட்டு அனுப்பிய என் கருத்துரு மட்டும் அலுவலகத்திலிருந்து திரும்பித் திரும்பி வந்தது. கேட்டால் "குறை இருக்கு" என்பார்கள். என்ன குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாவட்டச் செயலாளரிடம் போனேன். வந்து சத்தம் போடப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். மனிதர் வாயே திறக்கவில்லை. என் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, எழுத்தர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். தகுதிகாண் பருவம் முடித்ததற்கான ஆணை பதிவேட்டில் ஏறவே இல்லை. பழைய பள்ளியில் விட்டுப்போயிருக்கிறது. ஆணையின் நகல் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது! பதிவு போட்டதும் கருத்துரு நகர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அவரை ஏன் மதிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை மாவட்டம்

என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பேச்சு 2003-இல்தான் தொடங்கும்.

ஓய்வூதியப் பலன்களிலும் மற்றச் சலுகைகளிலும் அரசு கை வைத்ததை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்கு முன்னமே பொறுப்பாளர்களைக் கைது செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது. ஏறத்தாழ 1,70,000 பேர் ஒட்டுமொத்தமாக டிஸ்மிஸ். விசாரணை கிடையாது, குற்றக் குறிப்பாணை கிடையாது. அதில் நானும் ஒருவன்.

எங்கள் வட்டாரச் செயலாளரும் டிஸ்மிஸ் ஆனவர்தான். ஆனாலும் ஒவ்வொரு வீடாக வந்தார். யார் வீட்டில் கடன் தவணை நிற்கிறது, யார் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி வேலைநிறுத்தம் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட எங்களில் பலருக்குக் கை கூசியது. ஒரு தமிழாசிரியர் "பிச்சை எடுத்தாலும் எடுப்பேன், இதில் போட மாட்டேன்" என்று கிளம்பிவிட்டார். செயலாளர் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, "ஐயா, போடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் போங்க. உள்ளே இருந்தாத்தான் நாளைக்கு ஒண்ணு கேட்க முடியும்" என்றார். எங்களை எல்லாம் அனுப்பிவைத்த அவருடைய பெயர் உடனே எடுத்துக்கொள்ளப்படாதவர்களின் பட்டியலில் இருந்தது. ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பு வந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, விடுபட்டவர்களுக்கான முறையீடுகளை எழுத உட்கார்ந்தார். தன்னுடையதைக் கடைசியில்தான் எழுதினார்.

இப்போது வரும் இளைஞர்கள் "சங்கம் என்ன கிழித்தது" என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. கோபம் வரும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், கல்வி அலுவலகம்

நான் ஆசிரியர் இல்லை, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவன். அங்கிருந்து பார்த்ததையும் சொல்கிறேன்.

கூட்டத்தோடு வருபவரைக் கண்டு நாங்கள் பயந்ததே இல்லை. நாலு பேர் வந்து நின்று குரல் உயர்த்துவார்கள், தேநீர் வரும், "பார்க்கிறோம்" என்போம், போய்விடுவார்கள். பயம் எல்லாம் அரசாணை நகலோடு தனியாக வருபவரிடம்தான். உயர்கல்விக்கான ஊக்க ஊதியத்தை 2020 மார்ச் 10 அன்று நிறுத்தினார்கள் அல்லவா, அந்தத் தேதிக்கு முன்பே பட்டம் முடித்தவர்களுக்கு உண்டா இல்லையா என்று பெரிய குழப்பம் இருந்தது. ஒரு மாவட்டப் பொறுப்பாளர் தன் பகுதி ஆசிரியர்கள் ஒவ்வொருவரின் பட்டத் தேதியையும் வரிசையாக எழுதி, சான்றிதழ் நகல்களைப் பின் போட்டுக் கொண்டுவந்தார். யாருக்குக் கிடைக்காது என்பதையும் அவரே அடியில் எழுதியிருந்தார். அப்படி ஒரு தாள் வந்தால் எந்த எழுத்தரும் அதைக் கிடப்பில் போட முடியாது.

மறுபக்கமும் உண்டு. இடமாறுதல் கலந்தாய்வு சமயத்தில் சிலர் போன் செய்வார்கள்: "அந்தப் பள்ளியில் இருக்கும் காலியிடத்தை இப்போதைக்குக் காட்டாதீங்க, நம்ம ஆளுக்கு வேணும்." பணிமூப்பில் முன்னால் இருக்கும் இன்னோர் ஆசிரியரும் அவருக்குச் சந்தா கட்டியவராக இருப்பார். பள்ளிக்குக் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு "சங்க வேலை" என்று நகரத்துக்குக் கிளம்பிவிடுகிறவர்களும் எனக்குத் தெரியும். இவர்களால்தான் நல்ல பொறுப்பாளர் வரும்போதும் அலுவலர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இடைநிலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

மதுரை ஐயாவின் கோபத்தை மதிக்கிறேன். என் கோபத்தையும் கேளுங்கள்.

2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய அடிப்படைச் சம்பளம் 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்த எங்களுக்கு 5,200. தர ஊதியம் இரண்டு பேருக்கும் அதே 2,800. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். நாள் ஒன்று தள்ளிச் சேர்ந்ததால் அடிப்படையிலேயே 3,170 ரூபாய் குறைவு. அடுத்த ஊதியக் குழு வந்தபோது அந்த இடைவெளி சேர்த்துப் பெருக்கப்பட்டது. சுமார் 20,000 பேர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

மாவட்டப் பொதுக்குழுவுக்கு வந்த மாநிலப் பொறுப்பாளர் ஒருவரிடம் இதை எழுந்து கேட்டேன். "கோரிக்கைப் பட்டியலில் இருக்குது தம்பி" என்றார். பார்த்தேன், இருந்தது. கடைசிக்கு முந்தைய இடத்தில். கூட்டம் முடிந்து சாப்பிடும்போது அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேசையில் உட்கார்ந்து பேசுற எங்க யாருக்கும் இந்த இழப்பு இல்ல. அதான் உண்மை. நீங்க தனியாக் கிளம்பினாத்தான் எங்களுக்கே சூடு பிடிக்கும்" என்றார். ஒரு பொறுப்பாளர் இப்படிப் பேசலாமா என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் நடந்தது அதுதான். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று நாங்கள் தனியாகக் கிளம்பி, 2018 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை தலைமை அலுவலகமான டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்து, ஒவ்வொருவராக மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய சங்கங்களின் அறிக்கைகளில் எங்கள் கோரிக்கை மேலே ஏறியது.

சங்கம் ஏன் இத்தனை துண்டாக உடைகிறது என்று வருத்தப்படுகிறார்கள். பட்டியலில் கடைசியில் இருப்பவன் வேறு என்ன செய்வான்?

தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

இதுவரை எழுதிய எல்லோருடைய கதையிலும் பொறுப்பாளர் "அவர்", ஆண். தொடக்கப்பள்ளிகளில் எங்கு பார்த்தாலும் பெண்கள். மேடையில் எண்ணிப் பாருங்கள்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. வட்டாரக் கூட்டம் பள்ளி முடிந்து சாயங்காலம் ஐந்தரைக்கு நகரத்தில் நடக்கும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவள் எப்படி உட்காருவாள்? தேர்தல் அறிவிப்பு அந்தக் கூட்டத்தில்தான் வாசிக்கப்படும். மனுத் தாக்கலும் அங்கேதான். அடுத்த வாரம் "அனைவரும் போட்டியின்றித் தேர்வு" என்று வாட்ஸ்அப்பில் மாலையோடு படம் வரும்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் அக்கா மட்டும் பொருளாளராக இருந்தார். பெண் வேண்டும் என்பதற்காக வைத்த பதவி என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். 2019 ஜனவரி 22 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கி 30 அன்று வாபஸ் ஆனதே, அதில் எங்கள் பகுதியில் பலருக்கு 17பி குறிப்பாணை, அதாவது வேலையே போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான நோட்டீஸ் வந்தது. எனக்கும் வந்தது. அதைக் கையில் வாங்கிய இரவு தூக்கமே இல்லை. வீட்டில் மாமியார் "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஆரம்பித்துவிட்டார். தலைவர்கள் சிலர் சிறையில், சிலருடைய போன் அணைந்திருந்தது. இந்த அக்கா தன் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து எங்களை உட்காரவைத்து விளக்கம் எழுத வைத்தார். "எல்லாரும் ஒரே மாதிரி எழுதாதீங்கடி, பார்த்து எழுதினது மாதிரி இருக்கும்" என்று ஒவ்வொருத்தியாகத் திருத்தினார். விடைத்தாள் திருத்துகிற அதே சிவப்புப் பேனா! தேதியை விட்டவளுக்கு வட்டம் போட்டார்.

2021 பிப்ரவரியில் அந்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக முதலமைச்சர் அறிவித்தபோது எல்லாத் தலைவர்களும் நன்றி சொன்னார்கள், எல்லோருக்கும் சால்வை விழுந்தது. அக்காவுக்கு யாரும் சால்வை போடவில்லை. அடுத்த தேர்தலில் அவர் பதவியிலும் இல்லை, "போட்டியின்றி" வேறொருவர் வந்துவிட்டார்.

பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

திருவாரூர் ஆசிரியைக்கு: எங்கள் வட்டாரத்தில் கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிய பிறகு பெண்கள் வருகிறார்கள். செலவு எதுவும் ஆகவில்லை. ஏன் இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை மாவட்டம்

அந்தப் பெண்மணியைப் பற்றிப் படித்தது நிறைவாக இருந்தது. தருமபுரி தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1986 நவம்பர் 1 வரை நமக்குச் சட்ட மேலவை இருந்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. நம் ஆள் அவைக்குள்ளேயே எழுந்து அமைச்சரிடம் கேள்வி கேட்பார், பதில் அவைக்குறிப்பில் ஏறும். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஆசிரியர் தொகுதி இன்றும் இருக்கிறது. இங்கே மேலவை போன பிறகு மாநிலப் பொறுப்பாளர் எவ்வளவு பெரிய ஆளானாலும் கோட்டையில் மனுவோடு வராந்தாவில் காத்திருப்பவர்தான். அந்த வராந்தாவில் அவர் என்ன பேசினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை. நீங்கள் சொல்கிற பட்டியல் வரிசை அங்கேதான் மாறுகிறது.

இடைநிலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

அப்படியானால் பேச்சுவார்த்தை முடிந்ததும் அன்றைக்கே குறிப்பை உறுப்பினர்களுக்கு அனுப்பட்டும் ஐயா. "பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது" என்று ஒரு வரி போதாது.

பட்டதாரி ஆசிரியை, கரூர் மாவட்டம்

பழைய கதைகளுக்கு நடுவே புதிய ஒன்று. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றிய தீர்ப்பைத் தந்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுத வேண்டும். டெட் என்ற பெயரே இல்லாத காலத்தில் முறைப்படி பணியில் சேர்ந்த எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எங்கள் மாவட்டத்தில் சங்கம் ஒரு திருமண மண்டபத்தில் கூட்டம் போட்டது. உட்கார இடமில்லை. முதலில் பேசியவர்கள் எல்லோரும் "ஒருவர் வேலையும் போக விடமாட்டோம்" என்றார்கள், கைதட்டல். கடைசியாக மாநிலத் துணைப் பொறுப்பில் இருப்பவர் எழுந்தார். தீர்ப்பின் நகலில் எந்தெந்தப் பத்தி யாருக்குப் பொருந்தும் என்று வயது வாரியாகச் சொன்னார். அரசும் சங்கமும் சீராய்வு கேட்கும், ஆசிரியர் தகுதி பற்றிச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைத் திருத்தச் சொல்லி எம்.பி.க்களைப் பார்ப்போம் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு, "ஆனா இது நடக்கும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க இன்னைக்கே படிக்க ஆரம்பிங்க. வார விடுமுறையில் வகுப்பு நடத்த ஆள் பார்த்துட்டேன்" என்றார்.

மண்டபத்தில் ஒரே கூச்சல். "விலை போயிட்டீங்களா?" என்று ஒருவர் கத்தினார். "இருபது வருஷமாப் பாடம் நடத்துறவங்களைப் பரீட்சை எழுதச் சொல்ல உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று எங்கள் பள்ளி ஆசிரியையே எழுந்து கேட்டார். அவர் பதில் சொல்லாமல், வகுப்புக்குப் பெயர் கொடுப்பவர்கள் கொடுக்கலாம் என்று ஒரு தாளை மேசையில் வைத்தார். கூட்டம் கலைந்தபோது அதில் நாலைந்து பெயர்தான். மறுநாள் சாயங்காலத்துக்குள் பலர் அவருக்குத் தனியாகப் போன் செய்து, "சார், என் பேரையும் சேர்த்துக்குங்க, வெளியில சொல்லாதீங்க" என்றிருக்கிறார்கள். எழுந்து கத்திய எங்கள் பள்ளி ஆசிரியையும் இப்போது சனிக்கிழமை வகுப்பில் எனக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான். உளவியலில் என்னைவிட நன்றாக மதிப்பெண் வாங்குகிறார்.

வரும் தேர்தலில் அவர் மறுபடி நின்றால் ஜெயிப்பாரா என்று தெரியவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான்.