மறு: வெள்ள எதிர்வுகூறலில் ‘லீட் டைம்’ – யாருடைய அவகாசம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். வெள்ள எதிர்வுகூறல் சொற்பட்டியலில் ‘லீட் டைம்’ (lead time: வெள்ளம் வருமுன் கையில் கிடைக்கும் காலம்) என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. பேராசிரியர் ஐயா ‘முன்னணி நேரம்’ என்றும், சென்னையிலிருந்து எழுதும் நண்பர் ‘கெடு’ என்றும், வவுனியாவிலிருந்து எழுதிய அக்கா ‘கால அவகாசம்’ என்றும் தந்துள்ளனர். இவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு முன், அந்தக் காலம் வட இலங்கையின் வன்னி ஆறுகளிலும் குளங்களிலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பேசிக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தார் ஒரே சொல்லால் சுட்டுகின்ற காலம் இங்கே ஒன்றாக இல்லை.

வெள்ளத்தை முன்கூட்டி அறிய முயல்பவர் இன்னும் பெய்யாத மழையிலிருந்து தொடங்கலாம். பெய்துகொண்டிருக்கும் மழையிலிருந்து தொடங்கலாம். பெய்து முடிந்து ஆற்றில் இறங்கிவிட்ட நீரிலிருந்தும் தொடங்கலாம். முதலாவது வழியில் நாட்கணக்கில் நேரம் கிடைக்கும், ஆனால் உறுதி குறைவு. மூன்றாவது வழியில் உறுதி மிகுதி, ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நீர்மட்ட அளவுமானியிலிருந்து நீர் நம்மிடம் வந்துசேரும் நேரம் மட்டுமே மிஞ்சும். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை 2016 ஆகஸ்டில் செயற்படுத்திய ‘தேசிய நீர் மாதிரி’ என்னும் கணினிக் கணிப்பு முறை, வானிலை மாதிரிகள் தரும் மழையை நிலத்திலும் ஆற்றிலும் ஓடவிட்டு, ஏறத்தாழ 27 இலட்சம் ஆற்றுத் துண்டுகளுக்கு நீரோட்டத்தைக் கணிக்கிறது. அதன் குறுகிய எதிர்வுகூறல் 18 மணித்தியாலத்துக்கும், நடுத்தரமானது 10 நாளுக்கும், நீண்டது 30 நாளுக்கும் உரியது. ஐரோப்பாவின் உலகளாவிய வெள்ள விழிப்பு முறைமை, சற்றே வேறுபட்ட தொடக்க நிலைகளோடு 51 தடவை கணித்து, அவற்றுள் எத்தனை வெள்ளத்தைக் காட்டுகின்றன என்பதைக் கொண்டு வாய்ப்பைச் சொல்கிறது. ஆகவே ‘பத்து நாள் லீட் டைம்’ என்று ஓர் அறிக்கையில் வந்தால், பத்து நாளுக்கு முன்பே வெள்ளம் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது என்று பொருளில்லை. நமது சொல்லும் அந்த மயக்கத்தைத் தரக்கூடாது.

வன்னிக்கு வருவோம். அருவியாறு அனுராதபுரத்தைத் தாண்டி மல்வத்து ஓயா என்ற பெயரில் நெடுந்தூரம் ஓடியபின் மன்னார் மாவட்டத்துக்குள் வருகிறது. மேலே மழை ஓய்ந்த பிறகும் தேக்கம் அணைக்கட்டில் நீர் ஏறிக்கொண்டிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது இந்த ஆற்றோரத்து மக்கள் பார்த்துக்கொண்டிருந்தது தங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தை மட்டுமல்ல; ஆற்றின் மேற்பகுதி அளவுமானிகளின் எண்களையும்தான். கனகராயன் ஆறு அப்படியல்ல. அது நீளம் குறைந்த ஆறு. மாங்குளத்தைச் சூழப் பெய்யும் பெருமழை இரணைமடுக் குளத்துக்குள் வந்துசேர நாட்கணக்கு ஆகாது. பேராறும் பாலியாறும் அத்தகையவையே. இங்கெல்லாம் மேலே உள்ள அளவுமானியை நம்பியிருந்தால் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம்; பெய்யப்போகும் மழையைக் கணித்தாலன்றி, சொல்லத்தக்க அவகாசம் எதுவும் இராது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைக் கணிப்பும் நீர்ப்பாசனப் பொறியியலாளரின் நீர்க் கணிப்பும் ஒரே மேசைக்கு வரவேண்டிய தேவை, பெரிய ஆறுகளைவிட இத்தகைய சிற்றாறுகளிலேயே கூடுதலாக இருக்கிறது.

இதற்கு மேல், வன்னியில் நீர் தன்பாட்டில் வருவது குறைவு. ஒரு குளத்தில் தேங்கி, வான் (மிகைநீர் வெளியேறும் வழி) பாய்ந்தோ வான்கதவு வழியாகவோ அடுத்த இடத்துக்குப் போகிறது. இரணைமடு முழுக் கொள்ளளவில் 36 அடியைத் தொடும். மார்கழி மாதத்தில் அது ஓரிரு அடி குறைவாக நிற்கும்போது, மூன்று நாளில் கடும் மழை வரக்கூடும் என்று ஒரு கணிப்பு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்தலாம். மழை வராமற்போனால் அந்த நீர் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போனது போனதுதான். சிறுபோகத்துக்கு (கோடைப் பயிர்ச்செய்கைக்கு) அத்தனை ஏக்கர் குறையும், அதற்குக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புகளுக்கு ஒருவர் பதில் சொல்லவேண்டும். பொறுத்திருந்து பார்க்கலாம் என்றால், மழை கொட்டிய இரவில் கதவுகளைப் பெருமளவில் உயர்த்த நேரிடும். அப்போது பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை மக்களுக்கு மிஞ்சுவது கதவிலிருந்து தங்கள் வாசல்வரை நீர் ஓடும் நேரம் மட்டுமே. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபின் எழுந்த கேள்வியும் இதுவே: கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா? ‘உரிய வேளை’ எதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில் ஒருமித்த வரையறை இல்லாதவிடத்து, அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருப்பதில் வியப்பில்லை.

இனி, செய்தி செல்லும் வழி. பெரிய குளங்கள் சில மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், பல மாகாணத் திணைக்களத்திடமும், 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் உள்ளன. மக்களுக்கு எச்சரிக்கை சொல்வது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பு. மாலை ஆறு மணிக்கு ஓரிடத்தில் நீர் ஏறும் என்று காலை ஆறு மணிக்கு ஒரு கணிப்பு வெளியானால், அலுவலகக் கணக்கில் அது பன்னிரண்டு மணித்தியாலம். அதைக் கடமை அலுவலர் சரிபார்த்து, மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்து, கிராம அலுவலரின் கைபேசிக்கு வந்து, கோயில் ஒலிபெருக்கியில் சொல்லப்படும்போது பிற்பகல் இரண்டு மணி ஆகிவிட்டதென்றால், வீட்டுக்காரருக்கு இருப்பது நான்கு மணித்தியாலம். அந்த நான்கு மணித்தியாலத்தில் கிணற்றடி நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோகலாம். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றலாம். கிழவரையும் பிள்ளைகளையும் பாடசாலைக்கு அனுப்பலாம். காலபோக (மாரிக்காலப் பயிர்ச்செய்கை) வயல்களுக்கு அப்பால், காட்டோரப் பட்டியில் நிற்கும் மாடுகளைச் சாய்த்துக்கொண்டுவர அது போதாது. வன்னியில் வெள்ளங்களில் மாடுகள் பட்டி பட்டியாக அள்ளுண்டு போவதற்கு மழையின் அளவு மட்டும் காரணமல்ல.

இந்த நோக்கில் ‘முன்னணி நேரம்’ எனக்கு உடன்பாடில்லை. ஐயா மன்னிக்கவேண்டும், முன்னணி என்றால் நம்மவருக்கு அரசியற் கட்சிகளின் கூட்டுத்தான் முதலில் நினைவுக்கு வரும், நேரத்தோடு சேர்ந்து அது எப்பொருளையும் தரவில்லை. ‘கெடு’ நல்ல தமிழ், சுருக்கமானது, வினையோடும் எளிதில் ஒட்டும். ஆயினும் கெடு என்பது ஒருவர் இன்னொருவருக்கு விதிக்கும் இறுதி நாள். அது முடியும் புள்ளியைச் சுட்டுகிறதேயன்றி இடையிலுள்ள காலத்தையல்ல. நடைமுறையில் வேறொரு தொல்லையும் உண்டு: ‘வெள்ளக் கெடு’ என்பதை மழை இரைச்சலிடையே ஒலிபெருக்கியில் கேட்பவர் ‘வெள்ளக் கேடு’ என்றே எடுத்துக்கொள்வார். ‘அவகாசம்’ வடசொல் என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் “அவகாசம் தராமல் கதவைத் திறந்துவிட்டார்கள்” என்று எந்தக் கமக்காரரும் சொல்வார். ஒன்றைச் செய்துமுடிக்கக் கையிலிருக்கும் காலம் என்ற பொருள் அதற்கு ஏற்கெனவே உண்டு. எச்சரிக்கையோடு தொடர்புடைய சொல்லில் தூய்மையைவிடக் கேட்டவுடன் விளங்குவதே முக்கியம். அக்காவின் ‘கால’ என்ற முன்னொட்டு மட்டும் தேவையற்றது; அவகாசத்துக்குள் காலம் இருக்கிறது. அந்த இடத்தில், எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைக் காட்டும் சொல் வரவேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு ஒரு சொல்லல்ல, தம்முள் தொடர்புடைய மூன்று சொற்கள்.

எதிர்வுகூறல் அவகாசம்: ஒரு கணிப்பு வெளியிடப்பட்ட நேரத்துக்கும், அது குறிப்பிடும் நீர்மட்டம் அவ்விடத்தில் எட்டப்படும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலம். மாதிரிகளை ஒப்பிடுவோரும் ஆய்வுக் கட்டுரை எழுதுவோரும் ‘லீட் டைம்’ என்பது இதையே. தமிழகத்தார் ‘முன்னறிவிப்பு அவகாசம்’ என்று எழுதலாம். பின்பாதி ஒன்றாக இருப்பதால் குழப்பம் வராது.

ஆயத்த அவகாசம்: எச்சரிக்கை அதற்குரியவரின் காதில் விழுந்த நேரத்துக்கும், நீர் அவரை அடையும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலம். கதவைத் திறக்கும் பொறியியலாளருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, பட்டிக்காரருக்கு ஒன்று என இது ஆளுக்கு ஆள் மாறும். வரைவிலக்கணத்தில் ‘உரியவர்’ என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்துள்ளேன். வெள்ளத்துக்குப் பிந்திய மதிப்பீட்டு அறிக்கைகளில் இந்த எண்ணே கேட்கப்படவேண்டும் என்பது என் கருத்து.

நீர்வரவு நேரம்: மேலே ஒரு கதவிலிருந்தோ அளவுமானியிலிருந்தோ புறப்பட்ட நீர் கீழேயுள்ள ஓரிடத்தை அடைய எடுக்கும் காலம். இதையும் சிலர் லீட் டைம் என்றே எழுதிவிடுகின்றனர். இது ஆற்றின் இயல்பு. நிலச் சாய்வையும் ஆற்றின் அப்போதைய நீரளவையும் பொறுத்தது. எவ்வளவு சிறந்த மாதிரியாலும் இதை நீட்ட முடியாது, சரியாகச் சொல்ல மட்டுமே முடியும்.

மூன்றாவது சொல்லில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ‘நீர்வரவு’ என்பதைக் குளத்துக்குள் வரும் நீரின் அளவுக்கும் வழங்குகிறோம் என்பதால், அறிக்கையில் இரண்டும் அருகருகே வந்தால் வாசிப்பவர் தடுமாறக்கூடும். கட்டுக்கரைக் குளத்துப் பக்கமும் முத்தையன்கட்டுப் பக்கமும் மேலிருந்து வரும் தண்ணீரின் நேரத்துக்கு வாய்க்கால் மேற்பார்வையாளர்கள் வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால், அங்குள்ள உறுப்பினர்கள் கேட்டு எழுதவேண்டும். முதலிரண்டையும் பற்றிய ஆட்சேபங்களை, காலபோக நீர் விநியோகக் கூட்டங்கள் தொடங்கும் முன் அனுப்பிவைத்தால், அக்கூட்டத்து அறிவித்தல்களிலேயே அவற்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.